குரலின் உரிமையாளர் நேரில் வரவும்

கணினிப் பாதுகாப்பு நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது. வாரம் தவறாமல் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். "மிக மிக அவசரம். இணைப்பை உடனே திறக்கவும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டியிருக்கும். பயந்துபோய்த் திறந்தால், முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் இணைப்பைத் திறக்காதீர்கள் என்று உள்ளே அறிவுரை இருக்கும். நானும் மாங்கு மாங்கென்று திறந்து படித்து, கீழே இருக்கும் "படித்தேன், புரிந்தது" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். லிஃப்ட் மெக்கானிக்குக் கணினியில் அதற்கு மேல் என்ன வேலை இருக்கிறது?

அப்படிப் பழக்கிவிட்ட கைதான் அன்றைக்குக் காலையிலும் திறந்தது. அதே சிவப்பு எழுத்து, அதே முத்திரை, அதே மிரட்டல். திறந்ததும் லேப்டாப் கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் ஓடியது. பிறகு திரை முழுக்கக் கறுப்பாகி, நடுவில் ஒரு கடிதம் வந்து நின்றது. "அன்புடையீர், உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுள்ளன. பணம் கட்டினால் சாவி தருவோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." வாரியம் என்னிடம் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வருந்தியது கிடையாது. அதைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஐயோ, மாமா குரல்!" என்றாள் என் மனைவி. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள்.

அந்த லேப்டாப்பில் இருந்தது என் அப்பாவின் குரல். அப்பா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர், நல்ல மனுஷி, ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவைப் பேச வைத்து, வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்து வைக்க வேண்டும். புண் ஆறியதும் அந்தப் பதிவுகளை வைத்து ஒரு செயலி செய்து போனில் போட்டுத் தருவார்கள். அப்பா எதைத் தட்டினாலும் போன் அதை அப்பா குரலிலேயே பேசும்.

எங்கள் தெருவில் சத்தம் அடங்கவே அடங்காது. அதனால் நான் பராமரிக்கும் ஒரு பெரிய கட்டடத்தில், வேலைக்காக நிறுத்தி வைத்த லிஃப்டுக்குள், சுற்றிலும் போர்வை கட்டி, இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பதிவு செய்தோம். வேலை முடிந்த சாயங்காலமெல்லாம் இதே வேலை. "வணக்கம்", "நன்றி", "கொஞ்சம் தண்ணி குடுங்க", "பேத்தி எங்கே" என்று அப்பா சொல்லிக்கொண்டே போவார். ஆபரேஷனும் நடந்தது. இப்போது அப்பாவின் கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. கோபம் வந்தால் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. அதைப் பார்க்கச் சகிக்காது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் பீரோவைத் திறந்து, போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஹார்டு டிஸ்கை எடுத்து வந்தாள். பயிற்சி அம்மா சொன்னார் என்று எல்லாவற்றையும் அதில் ஒரு நகல் எடுத்து, ஒயரைக் கழற்றித் தனியாக வைத்திருந்தாளாம்.

"இதை மட்டும் அந்தப் பாழாப்போன லேப்டாப் பக்கத்துல கொண்டு போகாதீங்க. ஒட்டிக்கும்" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அவள் காலில் விழாத குறைதான். அப்பா டிஸ்கை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, எழுதி அழிக்கும் பலகையில், "மருமகளுக்கு இருக்கும் மூளை உனக்கு இல்லை" என்று எழுதிக் காட்டினார்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். டிஸ்கை ஆஸ்பத்திரியில் கொடுத்தால் முடிந்தது வேலை. ஆனால் பயிற்சி அம்மா போனில் தயங்கினார்.

"எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்குங்க. ஆனா உங்க லேப்டாப்புக்கு வைரஸ் வந்துடுச்சுன்னு இப்ப என்கிட்ட சொல்லிட்டீங்களே. வாரியத்தோட தூய்மைச் சான்று இல்லாம எதையும் எங்க கம்ப்யூட்டர்ல சொருகக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்."

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரரிடம் போனேன். அவரும் கையை விரித்தார். "வாரியத்து முத்திரை இல்லாம தொட்டா என் கடைக்குப் பூட்டு போட்டுடுவாங்க சார். போய் ஒரு முத்திரை வாங்கிட்டு வாங்க. சின்ன வேலைதான்." சின்ன வேலை என்று யாராவது சொன்னாலே நான் இரண்டு நாள் லீவு சொல்லிவிடுவேன்.

வாரியத்தின் விதி தெளிவாக இருந்தது. டிஸ்க், லேப்டாப், குரலின் உரிமையாளர் மூன்றும் நேரில் ஆஜராக வேண்டும். மூன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தோம்.

வாரியத்தின் வாசலில் டோக்கன் மெஷின் இருந்தது. அதன் திரையும் கறுப்பாக இருந்தது. நடுவில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கடிதம். "அன்புடையீர்..."

ஜன்னலில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"எங்க சிஸ்டம் எல்லாமே லாக் ஆகிக் கிடக்கு சார். வெளியில சொல்லிடாதீங்க."

"எப்பலேர்ந்து?"

"விழிப்புணர்வு வாரம் நடத்தினோம்ல, அப்பலேர்ந்து. தலைவர் வாழ்த்து அனுப்பியிருக்கார்னு ஒரு மெயில் வந்துச்சு. தலைவர் வாழ்த்தைத் திறக்காம இருக்க முடியுமா? சம்பளம் வாங்கறோம்ல."

"நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுத்தோமே. அதே கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தோம். பத்திரமா இருக்கட்டும்னு."

முத்திரை கேட்கும் முன் விழிப்புணர்வு வகுப்பில் உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்தோம். எங்களோடு இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு லேப்டாப், எல்லோர் முகத்திலும் தூக்கமில்லாத களைப்பு. துணை இயக்குநர் வந்து வகுப்பெடுத்தார். அவருக்கு ஸ்லைடு இல்லாமல் பேச வராது. கம்ப்யூட்டர் ஓடாததால் ஸ்லைடுகளைத் தாளில் அச்சடித்து, ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மனதுக்குள் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"போன வருஷத்தைவிட இந்த வருஷம் புகார்கள் பாதியா குறைஞ்சிருக்கு" என்றார் ஸ்லைடு சார். "சும்மா குறையுமா? புகார் வாங்குற ஜன்னல்ல பாதியை மூடினோம். உழைப்பு! அடுத்து பாஸ்வேர்டு. ஊழியர்கள் பாஸ்வேர்டை மறந்துடறாங்கன்னு ஒரு குறை இருந்துச்சு. இப்ப எல்லார் பாஸ்வேர்டையும் அதோ அந்தப் பலகையில ஒட்டிட்டோம். வெளிப்படையான நிர்வாகம்னா இதுதான்."

யாரோ ஒருவர் எழுந்து, "சார், எனக்கு வந்த மெயில் உங்க மெயில் மாதிரியே இருந்துச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்.

"நல்ல கேள்வி. கவனமா பார்த்தா தெரிஞ்சிடும். அவனுங்க மெயில்ல எழுத்துப்பிழை இருக்காது. மரியாதையா பேசுவான். கேள்வி கேட்டா அன்னிக்கே பதில் போடுவான். அப்படி ஏதாவது வந்தா அது நாங்க இல்ல. உஷாராயிடணும்."

கடைசியில் உறுதிமொழி. எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை நீட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவும் எழுந்து நின்றார். ஸ்லைடு சார் இரண்டு வரி சொல்லி நிறுத்தினார்.

"அந்தப் பெரியவர் சொல்லலை."

"அவருக்குக் குரல் இல்லை சார்" என்றேன்.

"வாயையாவது அசைக்கச் சொல்லுங்க. பதிவாகணும்ல."

அப்பா வாயை அசைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். அச்சில் ஏற்ற முடியாது.

வகுப்பு முடிந்து ஸ்லைடு சாரின் அறைக்குப் போனோம். பெரிய மேஜை, அதன் மேல் இன்க் பேடு, பக்கத்திலேயே அந்த முத்திரை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு குத்து குத்தினால் நாங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். சுவரில் வாரியத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்தது. முதல் வரியே, "பாதிக்கப்பட்ட கணினியில் நகல் டிஸ்கை ஒருபோதும் சொருகாதீர்."

ஸ்லைடு சார் எங்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல இருக்கறது யார் குரல்?"

"எங்கப்பாவோடது சார்."

"நீங்க சொல்லக் கூடாது. குரலின் உரிமையாளர் சொல்லணும். தன் சொந்தக் குரல்ல."

"குரல் இல்லைன்னுதானே சார் வந்திருக்கோம்."

"அப்ப குரல் இவரோடதுன்னு நான் எதை வெச்சு நம்பறது? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து என் குரலை இவர் எடுத்துட்டுப் போயிட்டார்னு சொன்னா? வாரியம் பதில் சொல்லணும்ல!"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்லைடு சாருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. "ஒண்ணு பண்ணலாம். இந்த டிஸ்க் இந்த லேப்டாப்போட டிஸ்க்தான்னு நிரூபணம் ஆயிட்டா போதும். சொருகிப் பார்த்துடுவோம்."

"சார், வேணாம்!" என்று டிஸ்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள் என் மனைவி. "இது நல்லா இருக்கற டிஸ்க். லேப்டாப்ல இன்னும் வைரஸ் ஓடிட்டிருக்கு. உங்க சுவத்துலயே எழுதியிருக்கீங்க பாருங்க."

அவர் சுவரொட்டியை அன்போடு பார்த்தார். "அது பொதுமக்களுக்கும்மா. நாங்க பொதுமக்களா?"

"அப்ப உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க சார்."

"எங்க கம்ப்யூட்டர்லயா? அரசாங்கச் சொத்து! உங்க டிஸ்க்ல என்ன கண்றாவி இருக்கோ." டிஸ்கைச் சேர்த்துப் பிடித்த அவள் கையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "குடுக்கலைன்னா ஒத்துழைக்கலைன்னு எழுதிடுவேன். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் இந்த டிஸ்கைத் திரும்பிக்கூட பார்க்காது. உங்க இஷ்டம்."

டிஸ்க் கை மாறியது. அவரே சொருகினார். சொருகிவிட்டு லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பி வைத்து, எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தப்ப ஒரு கொள்கை முடிவு எடுத்தேன். சந்தேகம்னு வந்துட்டா சரிபார்க்காம விடக் கூடாது. இதுவரைக்கும் எத்தனையோ டிஸ்க்கை என் கையாலயே சொருகி சரிபார்த்திருக்கேன். ஒண்ணுகூட சுத்தமா இல்ல. மக்கள் அவ்வளவு அலட்சியமா இருக்காங்க!"

மேஜைக்கு அடியில் டக் டக் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் தப்புப் பண்ணினால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பிரேக்கை மிதிப்பார் அல்லவா, அதே மிதி. அப்பா மேஜையை ஓங்கித் தட்டினார். வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது.

"பெரியவரே, ஒரு அதிகாரி பேசிட்டிருக்கேன்ல. கொஞ்சம் அமைதியா இருங்க" என்றார் ஸ்லைடு சார்.

அப்போதுதான் நான் எட்டித் திரையைப் பார்த்தேன். டிஸ்கில் இருந்த கோப்புகள் பெயர் மாறி, மேலிருந்து வரிசையாகப் பூட்டிக்கொண்டே வந்தன. நான் கத்துவதற்குள் அப்பாவே பாய்ந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். டிஸ்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றார். கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கியது.

முதலில் பார்த்தவர் அவர்தான். கத்தக் குரல் இருந்திருந்தால் அப்போதே நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஸ்லைடு சாரைப் பிடித்து லிஃப்டுக் குழிக்குள் தள்ள வேண்டும் போல இருந்தது. அவரோ கோபத்தில் சிவந்து நின்றார். "ஆதாரத்தை எப்படித் தொடலாம்? யார் அனுமதி குடுத்தது?"

டிஸ்கை வாரியம் பறிமுதல் செய்தது. சீல் வைக்கும் பொறுப்பு கட்டம் போட்ட சட்டைக்காரருக்கு வந்தது. அவர் எங்களைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், தன் பையிலிருந்து மகளுடைய பழைய லேப்டாப்பை எடுத்தார். வாரியத்து வேலையெல்லாம் இப்போது அதில்தான் நடக்கிறதாம். இணையத்தைத் துண்டித்து, எங்கள் டிஸ்கை மெதுவாகச் சொருகினார்.

"கிட்டத்தட்ட எல்லாமே போச்சு சார். கடைசியில கொஞ்சம் பொழைச்சிருக்கு. ஐயா போன்ல போட்டுத் தர்றேன். வெளியில சொல்லிடாதீங்க."

ஆட்டோவில் வரும்போதே போட்டுக் கேட்டோம். "வணக்கம்" இல்லை. "நன்றி" இல்லை. "பேத்தி எங்கே" இல்லை. பட்டியலில் இருந்த எதுவுமே இல்லை. பிழைத்ததெல்லாம் கடைசி நாளில் பதிவானவை. அன்றைக்கு நான் மைக்கை நிறுத்த மறந்திருந்தேன் போலிருக்கிறது. லிஃப்டுக்குள் உட்கார்ந்து அப்பா என்னைத் திட்டிய திட்டுகள் மட்டும் கொஞ்சம், ரொம்பத் தெளிவாக விழுந்திருந்தன. "எருமை, மைக்கைத் தள்ளி வைடா" என்று போன் அலறியது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். என் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று பயிற்சி அம்மா சொல்லிவிட்டார். ரிப்பேர் கடைக்காரர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "பூட்டின ஃபைலைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். இவனுங்க என்னிக்காவது மாட்டுவானுங்க, சாவி வெளியில வரும். அப்பிடி நடந்திருக்கு. டிஸ்கை மட்டும் எப்படியாவது வாங்கி வெச்சுக்குங்க."

வாங்கப் போனேன். போனேன், போனேன், போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் ஸ்லைடு சாரே கூப்பிட்டு அனுப்பினார். வாயெல்லாம் பல்.

"வாழ்த்துக்கள்! உங்க கேஸ்ல எல்லாமே போகலை பாருங்க. வாரியத்து வரலாற்றுலயே ஏதாவது ஒண்ணு மிஞ்சினது இதுதான் முதல் தடவை. ஆண்டு விழாவுல உங்களைக் கௌரவிக்கப் போறோம். டிஸ்கை மேடையில வெச்சுத் தலைவர் கையால குடுப்போம்."

"இப்பவே குடுத்துடுங்க சார். கௌரவமெல்லாம் வேணாம்."

"மேடையில மட்டும்தான்" என்றார்.

விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. ஊழியர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவாம், நாற்காலிகள் நிறைந்திருந்தன. வரவேற்புரை, அறிக்கை, வாழ்த்துரை, பிறகு வாழ்த்துரைக்கு நன்றி சொல்லும் உரை. தலைவர் வந்து பாதுகாப்பின் அவசியத்தைப் பேசினார், மூச்சு வாங்கினார், மறுபடியும் முதலிலிருந்து பேசினார். முன்வரிசையில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டே தூங்கினார். கட்டம் போட்ட சட்டைக்காரர் கடைசி வரிசையில் மகளுடைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எங்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் டிஸ்கை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். போட்டோ சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை நீட்டினார். நான் விடவில்லை.

ஸ்லைடு சார் மைக்கை வாங்கினார். "நமது வாரியம் மீட்டெடுத்த குரலை இப்போது நீங்கள் கேட்கப் போகிறீர்கள்!" என்று அறிவித்துவிட்டு, என் காதருகில் குனிந்தார். "ஐயாவை ஒரு நன்றி சொல்லச் சொல்லுங்க. தலைவர் காத்திட்டிருக்கார்."

"நன்றி இல்லை சார். போயிடுச்சு."

"ஒரே ஒரு நன்றி."

"அது முதல் நாள் பதிவு சார். முதல்ல போனதே அதுதான்."

"ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லுங்க சார், மானம் போகுது!"

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு போனை மைக்கில் வைத்து அழுத்தினார்.

மண்டபம் முழுக்க என் அப்பாவின் குரல் கேட்டது. ஆபரேஷனுக்கு முந்தைய குரல். கரகரப்பும் எரிச்சலும் கொஞ்சமும் குறையாத குரல்.

"போதும்டா. சொன்னதையே எத்தனை தடவை சொல்லுவே? எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கட்டம் போட்ட சட்டைக்காரர் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அப்புறம் ஒரு வரிசை, அதற்கு முன் வரிசை. தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ தட்டி எழுப்பிக் கூட்டிப்போனார்கள். "உட்காருங்க, நன்றியுரை பாக்கி இருக்கு!" என்று ஸ்லைடு சார் மைக்கில் கத்தினார். தலைவர் அடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடைப் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். பாதிப் படியில் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தார்.

"இதோ வந்துட்டேன்பா" என்றேன்.